மசூதித் தெருவில் ஒரு வீடு



மலையில் வாழ்வோர்க்கும் தீவில் வாழ்வோர்க்கும் ஓர் ஒற்றுமை உண்டு. வெளியுலகம் அவர்களை வந்தடைவதற்கு ஒன்றிரண்டு வழிகளே இருக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் ஆண்டிலும், அங்கிருந்து உதகைக்கு 1908-ஆம் ஆண்டிலும் இருப்புப்பாதை வந்தது. பெருமழையில் மண் சரிந்து பாதை அடைபடும் நாள்களில் வண்டி நின்றுவிடும் என்பதை நீங்கள் நன்கு அறிவீர்கள். நமக்குத் தெற்கே, தமிழகத்தின் கோடியில், மன்னார் வளைகுடாவுக்கும் பாக் நீரிணைக்கும் இடையே கிடக்கும் இராமேசுவரம் தீவுக்கு 1914-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. அதன் நீளம் 2 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. கப்பல் வந்தபோதெல்லாம் அதன் நடுப்பகுதி இருபுறமும் கை தூக்கி வழிவிட்டது. அதற்கு முன்பு அத்தீவுக்குச் செல்ல விரும்பிய எவரும், அரசரே ஆயினும் ஆண்டியே ஆயினும், படகில் ஏறியே ஆக வேண்டும்.

அத்தீவில் மசூதித் தெருவில் வாழ்ந்த ஒரு குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன். சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டப்பட்ட வீடு அது. குடும்பத் தலைவர் ஜைனுலாப்தீன்; இல்லத்தரசியார் ஆஷியம்மா. இவர்கள் பெயர் எந்த ஆட்சிக் குறிப்பிலும் பெரிதாக இடம்பெற்றதில்லை. 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் பிறந்த அவர்களுடைய கடைசி மகன் பின்னாளில் இந்தியக் குடியரசின் தலைவரானார். ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 1999-இல் வெளியிட்ட 'அக்கினிச் சிறகுகள்' என்னும் தன்வரலாற்றிலும், 2013-இல் எழுதிய 'எனது பயணம்' என்னும் நூலிலும் தம் இளமைக்கால வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்லியிருக்கின்றார். மகன் புகழ் பெற்றமையால்தான் அந்த வீட்டின் வாழ்க்கை நமக்குக் கிடைத்தது. அதே தெருவில் அடுத்த வீட்டின் வாழ்க்கை கிடைக்கவில்லை. வரலாறு படிப்போர் இதை நினைவில் வைத்துக்கொண்டே மேலே செல்ல வேண்டும்.

ஜைனுலாப்தீன் 1976-ஆம் ஆண்டு மறைந்தபோது அவருக்கு வயது 102 என்பது குடும்பத்தாரின் கணக்கு. அப்படியானால் கடைசி மகன் பிறந்தபோது அவர் ஐம்பத்தைந்தைக் கடந்தவர்; பாம்பன் பாலம் திறந்தபோது நாற்பதை எட்டியவர். பாலமில்லாத தீவையும் பாலம் வந்த தீவையும் ஒருசேரக் கண்டவர் அவர். பாலம் வந்தபின் சென்னையிலிருந்து புறப்படும் போட் மெயில் தனுஷ்கோடி வரையில் ஓடியது. அங்கே கரையோரம் காத்திருந்த நீராவிக் கப்பலில் ஏறிப் பயணிகள் இலங்கையின் தலைமன்னாருக்குச் சென்றார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலி வேலை தேடிச் சென்ற நம் மக்கள் பலரும் மண்டபம் முகாமில் தங்கவைக்கப்பட்டு, இந்தத் தீவின் மணலைக் கடந்துதான் போனார்கள். கடலை நம்பி வாழ்ந்த தீவு மக்களின் பிழைப்பு, இவ்வாறு இருப்புப்பாதையோடும் பிணைந்துவிட்டது.

இனி அந்த வீட்டின் ஒரு நாளைப் பார்ப்போம்.

விடியற்காலை நான்கு மணிக்குத் தந்தையார் எழுந்து தொழுவார். பின்பு வீட்டிலிருந்து நான்கு மைல் தொலைவிலுள்ள தம் சிறிய தென்னந்தோப்புக்கு நடந்து செல்வார். ஏறத்தாழ ஒரு டஜன் தேங்காய்களைக் கட்டித் தோளில் சுமந்து திரும்பிய பிறகுதான் காலை உணவு. அறுபதைக் கடந்து எழுபதை நெருங்கும் வயதிலும் இந்த நடை நிற்கவில்லை என்று மகன் எழுதுகின்றார். போக வர எட்டு மைல், அதுவும் மணலில், திரும்பும்போது தோளில் சுமை! அறுபதைக் கடந்த என் போன்றோர் இதைப் படித்து வாய் திறவாமலிருப்பதே நன்று.

அவருக்குப் பள்ளிப் படிப்பு மிகுதியாக இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. ஆனால் ஊரார் அவரை நாடி வந்தார்கள். மாலைத் தொழுகைக்குச் சிறுவரை அழைத்துக்கொண்டு பழைய பள்ளிவாசலுக்குச் செல்வார். தொழுகை முடிந்து வெளியே வரும்போது, பல சமயத்தாரும் கிண்ணங்களில் தண்ணீர் ஏந்திக் காத்திருப்பார்கள். அவர் விரல் நுனியை அந்நீரில் தோய்த்து இறைவனை வேண்டிக் கொடுப்பார். வீட்டில் நோயுற்றுக் கிடப்போர்க்கு அந்நீரைக் கொண்டு செல்வார்கள். நோய் நீங்கியபின் நன்றி சொல்ல வருவோரிடம், நன்றி இறைவனுக்கே உரியது என்று சொல்லி அனுப்பிவிடுவார். மருத்துவமனை எட்டாத தொலைவில் இருந்த காலத்தில், நோயாளியின் வீட்டாருக்கு இது எத்தகைய ஆறுதலாய் இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அன்னையாரின் ஆட்சி அடுக்களையில் நடந்தது. குடும்பத்தார் எண்ணிக்கையைவிட நாள்தோறும் அங்கே உண்ட வெளியார் எண்ணிக்கையே மிகுதி. சிறுவர் தரையில் அன்னையார் அருகே அமர்வார். வாழையிலையில் சோறும் மணக்கும் சாம்பாரும் வீட்டு ஊறுகாயும் தேங்காய்த் துவையலும் வரும். தந்தையார் சுமந்து வந்த தேங்காய்தான் அத்துவையலாயிற்று என்று கொள்வதில் தவறில்லை. மின்விளக்கு இல்லாத வீடு அது. மாலை ஏழு மணி முதல் ஒன்பது மணி வரைதான் மண்ணெண்ணெய் விளக்கு எரியும். கடைசி மகனுக்குப் படிப்பில் நாட்டம் மிகுதி என்று கண்ட அன்னையார், அவர் பதினொரு மணி வரை படிப்பதற்காகத் தனியே கொஞ்சம் எண்ணெய் எடுத்து வைத்தார். ஒரு வீட்டின் வரவு செலவில் கல்விக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்பதை அந்த இரண்டு மணி நேர விளக்கெண்ணெயைக் கொண்டு நாம் அளந்துவிடலாம்.

கணிதம் கற்பித்த ஆசிரியர் ஒருவர் ஆண்டுதோறும் ஐந்து மாணவர்க்குக் கட்டணமின்றித் தனிப்பாடம் சொல்வார். அதற்கு ஒரே நிபந்தனை: விடியலுக்கு முன் குளித்துவிட்டு வர வேண்டும். மகனுக்கு முன் அன்னையார் எழுந்து அவரைக் குளிப்பாட்டி அனுப்புவார். பாடம் முடிந்து திரும்பியதும் தொழுகை, பிறகு அரபிப் பள்ளியில் குர்ஆன் ஓதுதல், பிறகே மற்ற வேலைகள்.

அந்தத் தெருவில் முஸ்லிம்கள் மிகுதி. இந்துக் குடும்பங்களும் சில இருந்தன. அங்கிருந்து பத்து நிமிட நடையில் இராமநாத சுவாமி திருக்கோயில். கோயிலின் தலைமைக் குருக்கள் பட்சி லட்சுமண சாஸ்திரியாரும் ஜைனுலாப்தீனும் நெருங்கிய நண்பர்கள். இருவரும் தத்தம் மரபுக்குரிய உடையில் அமர்ந்து சமயப் பொருள்களைப் பேசிக்கொண்டிருந்த காட்சியே தம் முதல் நினைவுகளுள் ஒன்று என்கிறார் மகன். சீதாராம கல்யாண விழாவில், வீட்டுக்கு அருகிலுள்ள இராம தீர்த்தக் குளத்தின் நடுவே திருமணம் நடக்கும். அவ்விடத்துக்குத் திருவுருவங்களை எழுந்தருளச் செய்வதற்கு மேடை அமைத்த படகுகளை ஏற்பாடு செய்தது இந்த முஸ்லிம் குடும்பமே. இரவில் அன்னையாரும் பாட்டியாரும் நபிகள் நாயகத்தின் வரலாற்றையும் இராமாயணக் கதைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தூங்க வைத்தார்கள்.

இவ்வளவையும் கேட்டு, அங்கே எல்லாம் இயல்பாகவே இனிதாக நடந்தன என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கின்றேன்.

ஐந்தாம் வகுப்பில் அப்துல் கலாம் தொப்பி அணிந்து முன் வரிசையில் அமர்வார். அருகில் பூணூல் அணிந்த இராமநாத சாஸ்திரி, லட்சுமண சாஸ்திரியாரின் மகன். புதிதாக வந்த ஆசிரியர் ஒருவருக்கு இது பொறுக்கவில்லை. குருக்கள் மகனோடு முஸ்லிம் பிள்ளை அமர்வதா என்று கருதி, கலாமைப் பின் வரிசைக்குப் போகச் சொன்னார். முன் வரிசையில் இருந்த நண்பர் அழுதுவிட்டார். செய்தி இரு வீடுகளுக்கும் சென்றது. லட்சுமண சாஸ்திரியார் அந்த ஆசிரியரை வரவழைத்துப் பிள்ளைகளின் எதிரிலேயே கண்டித்தார். களங்கமற்ற உள்ளங்களில் நஞ்சைக் கலக்கலாகாது என்றும், மன்னிப்புக் கேட்க மனமில்லையேல் பள்ளியையும் தீவையும் விட்டுப் போகலாம் என்றும் கூறினார். ஆசிரியர் வருந்தினார், மாறினார். ஆசிரியத் தொழிலில் வாழ்நாளைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: வகுப்பறையில் யார் எங்கே உட்காருவது என்பது சிறிய செய்தி அன்று. பிள்ளைகள் பாடத்தை மறப்பர். உட்கார்ந்த இடத்தை மறப்பதில்லை. இந்தப் பிள்ளை அறுபது ஆண்டு மறக்கவில்லை.

மற்றொரு நிகழ்ச்சி அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் வீட்டில் நடந்தது. ஆசாரம் மிக்க குடும்பத்தில் பிறந்தும் கட்டுகளை உடைக்க முனைந்தவர் அவர். கலாமை ஒரு நாள் தம் வீட்டுக்கு உண்ண அழைத்தார். தம் தூய அடுக்களையில் முஸ்லிம் பிள்ளைக்குப் பரிமாற அவருடைய மனைவியார் இசையவில்லை. ஐயர் சினக்கவில்லை, தாமே பரிமாறினார், அருகில் அமர்ந்து தாமும் உண்டார். அம்மையார் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விடைபெறும்போது, அடுத்த வாரமும் வர வேண்டும் என்றார் ஐயர். மாணவர் தயங்கினார். ஒரு முறைமையை மாற்ற முற்பட்டால் இத்தகைய இடர்கள் வரத்தான் செய்யும் என்று ஆசிரியர் தேற்றினார். அடுத்த வாரம் அம்மையாரே கலாமை அடுக்களைக்குள் அழைத்துச் சென்று தம் கையால் பரிமாறினார். அந்த ஒரு வாரத்தில் அவ்வீட்டில் என்ன பேச்சு நடந்தது என்பதற்குச் சான்று எதுவும் நம்மிடம் இல்லை. அந்த அம்மையாரின் தன்வரலாறு கிடைத்திருந்தால் அதைத்தான் நான் முதலில் படிப்பேன்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பரில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. எங்கோ ஐரோப்பாவில் தொடங்கிய போர், மசூதித் தெருவை வந்தடைந்த விதம் வியப்பானது. திடீரெனப் புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. எட்டு வயதுச் சிறுவர் கொட்டைகளைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து ஒரு நாளைக்கு ஓரணா ஈட்டினார். போர்க்கால நெருக்கடியால் இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பதும் நிறுத்தப்பட்டது. ஊருக்கு வரும் செய்தித்தாள் கட்டுகளை, இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட பாதையில், ஓடும் வண்டியிலிருந்து வெளியே எறிந்தார்கள். ஊரில் செய்தித்தாள் விற்றுவந்தவர் உறவினர் சம்சுதீன். விழும் கட்டுகளைப் பொறுக்க அவருக்கு ஒரு துணை தேவைப்பட்டது. அவ்வேலை கலாமுக்குக் கிடைத்தது. அதுவே அவருடைய முதல் சம்பளம். தினமணியின் தலைப்புகளில், பெரியவர்கள் சொன்ன போர்ச் செய்திகளை அவர் தேடிப் பார்த்ததுண்டு.

போர் வந்தால் பங்கீடும் வரும். சப்பாத்தி எண்ணிச் சுட்ட நாள்கள் அவை. ஒரு நாள் அன்னையார் போடப் போடச் சிறுவர் உண்டுகொண்டே இருந்தார். உண்டு முடித்தபின் தமையனார் அவரைத் தனியே அழைத்து, 'அம்மாவின் பங்கையும் சேர்த்து நீ உண்டுவிட்டாய். உனக்கு மறுக்க அவருக்கு மனம் வரவில்லை' என்ற பொருளில் கடிந்துகொண்டார். கலாம் ஓடிச் சென்று அன்னையாரைக் கட்டிக்கொண்டார். ஊராரை அழைத்து அழைத்து உண்பித்த அடுக்களை அது என்பதை மறவாதீர்கள்.

இனிப் படகுக்கு வருவோம். கலாமுக்கு ஆறு வயது நடக்கும்போது, அதாவது 1937-ஆம் ஆண்டை ஒட்டி, தந்தையார் ஒரு பாய்மரப் படகு கட்டத் தொடங்கினார். கடற்கரையிலேயே வேலை நடந்தது. பலகைகளை விறகு நெருப்பின் அனலில் காட்டிப் பதப்படுத்தினார்கள். துணைக்கு நின்றவர் உறவினர் அகமது ஜலாலுதீன். இவரே பின்னர்க் கலாமின் தமக்கை ஜொகராவை மணந்தவர். இராமேசுவரத்துக்கு வரும் யாத்திரிகர் தனுஷ்கோடி சென்று சேது தீர்த்தம் ஆடுவது மரபு. அவர்களை ஏற்றிச் சென்று திரும்பக் கொணர்வதே படகின் பணி. அறுபதைக் கடந்த ஒருவர் புதுத் தொழிலுக்குப் படகு கட்டினார் என்பதையும், அந்த முஸ்லிம் குடும்பத்தின் வருவாய் இராம பக்தர்களின் யாத்திரையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். முன்பு நாம் கண்ட நட்புக்கு அன்பு மட்டுமன்றி, ஒருவர் பிழைப்பு ஒருவரைச் சார்ந்திருந்ததும் அடிப்படை என்பது என் கருத்து. இதனால் அந்நட்பின் மதிப்புக் குறைந்துவிடாது.

தொழில் நன்றாக நடந்தது. பிறகு ஒரு நாள் புயல் வந்தது, படகு போயிற்று.

இவ்விடத்தில் கல்லூரி மாணவர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டும். 'அக்கினிச் சிறகுகள்' நூலில், படகை அடித்துச் சென்ற புயலைப் பற்றிச் சொன்ன அதே மூச்சில், சேதுக்கரையின் நிலப்பகுதி அழிந்ததும் பயணிகளோடு புகைவண்டி கடலில் போனதும் சொல்லப்படுகின்றன. படிப்போர் இவை யாவும் கலாமின் சிறு வயதில் ஒரே நாளில் நடந்தன என்றே கொள்வர். ஆனால் பாம்பனிலிருந்து சென்ற பயணி வண்டியைப் புயல் அலை விழுங்கியது 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவில். அந்த வண்டி தனுஷ்கோடியை நெருங்கும் வேளையில் அழிந்தது. பாலத்தின் மேல் அன்று. அதே புயலில் பாலமும் பெருஞ்சேதமுற்றது உண்மை. அன்று கலாமுக்கு வயது 33. தும்பா ஏவுதளத்தில் பணியாற்றிக்கொண்டிருந்தார். தந்தையாரின் படகு போனது அதற்குப் பல ஆண்டுகள் முன்பு. இரு புயல்கள் ஒரு நினைவுக்குள் ஒன்றாகிவிட்டன.

இதைக் கொண்டு நூலாசிரியரைக் குறை கூறுவது சிறுமை. ஒரு தீவில் பிறந்தவனுக்குப் புயல் என்பது ஒன்றே; அது வந்து வந்து போகும். படகு போனதும் ஊர் போனதும் ஒரே கடலால் நேர்ந்த இழப்புகள். எனினும் தேதி கணக்கிடும்போது நினைவை ஆவணத்தோடு ஒட்டிப் பார்த்தல் வேண்டும். சப்பாத்திக் கதைக்கு நமக்கு ஆவணம் தேவையில்லை, புயலுக்குத் தேவை.

பிள்ளைகள் வளர்ந்தார்கள். நாட்டு விடுதலையை ஒட்டித் தந்தையார் இராமேசுவரம் பஞ்சாயத்துத் தலைவரானார். அவர் தொழுகையில் இருந்தபோது ஒருவர் வந்து வைத்துச் சென்ற பரிசுத் தட்டைச் சிறுவர் கலாம் வாங்கி வைத்ததற்காக, தந்தையார் முதன்முறையாக மகனை அடித்தார். பின்னர்த் தோளில் கை வைத்து, பதவியில் இருப்போர் பரிசு பெறுவது எத்தகைய தீங்கு என்று விளக்கினார். மேற்படிப்புக்காகக் கலாம் இராமநாதபுரம் சுவார்ட்சு உயர்நிலைப் பள்ளிக்கும், 1950-இல் திருச்சி தூய வளனார் கல்லூரிக்கும் சென்றார். பிறகு சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தமக்கை ஜொகரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

1964-இன் புயலுக்குப் பின் தனுஷ்கோடி மீண்டும் எழவில்லை. வாழத் தகுதியற்ற இடம் என அரசு அறிவித்தது. பாம்பன் பாலத்தை மட்டும் பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாள்களில் செப்பனிட்டார்கள். சாலைப் பாலம் 1988-இல் வந்தது. பழைய இருப்புப்பாதைப் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்று, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டு சூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மறைந்த கலாமின் உடல், அதே தீவில் பேய்க்கரும்பு என்னுமிடத்தில் அடக்கம் செய்யப்பெற்றது.

அந்தப் புயலுக்கு இரண்டு மாதங்கூட ஆகாத முன்னர், 1964 அக்டோபர் 30-ஆம் நாள், சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. இலங்கைத் தோட்டங்களில் மூன்று தலைமுறை உழைத்த தமிழர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்பது அதன் முடிவு. தனுஷ்கோடித் துறை கடலில் போய்விட்டமையால், அவர்களை ஏற்றிய கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்கே வந்தது. பாட்டனார் மணல் வழியே கடந்து போன தீவில் பேரப்பிள்ளைகள் பெட்டி படுக்கையோடு இறங்கினார்கள். மண்டபம் முகாமில் தங்கினார்கள். அங்கிருந்து பல திசைகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். அவர்களுள் பலர்க்கு வேலை தருவதற்காகவே 1968 முதல் அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் சேரம்பாடியிலும் அவர்கள் குடியேறினார்கள். இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பல், இலங்கையில் இனப்போர் மூண்டபின் 1980-களில் நின்றுபோயிற்று.

அக்கப்பலில் வந்திறங்கியோருள் முதியவர் சிலர் இன்றும் நம் தோட்டக் குடியிருப்புகளில் இருக்கின்றார்கள். இதைக் கேட்கும் மாணவருள் சிலருக்கு அவர்கள் சொந்தப் பாட்டியாராகவே இருக்கலாம். கப்பலில் என்ன உண்ணக் கொடுத்தார்கள், இராமேசுவரக் கரையில் முதலில் யாரைக் கண்டார்கள், பெட்டியில் எவற்றை எடுத்துவந்தார்கள், எவற்றை விட்டுவந்தார்கள் என்று கேட்டு, நாளும் ஆண்டும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆண்டைப் பற்றி ஐயம் எழுந்தால் குடும்ப அட்டையையும் பழைய கடவுச்சீட்டையும் எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.